கேப்டன் அமெரிக்கா, பெங்குயின் கிளாசிக்ஸ் பதிப்பு: கொடி முழுசாக இருக்கிறது, சண்டை பாதிதான் இருக்கிறது

பெங்குயின் கிளாசிக்ஸ் வரிசைக்குள் மார்வெல் காமிக்ஸ் நுழைந்தது 2022 ஜூனில். ஸ்பைடர்மேன், பிளாக் பேந்தர், கேப்டன் அமெரிக்கா என்று மூன்று தொகுப்புகள் ஒரே நேரத்தில் வந்தன. மூன்றில் கேப்டன் அமெரிக்கா தொகுப்பைத்தான் தயாரிப்பது கடினம். ஸ்பைடர்மேனுக்கு நல்ல கதைகளாகப் பொறுக்கி எடுத்து அடுக்கினால் வேலை முடிந்தது. கொடியையே சட்டையாகப் போட்டுக்கொண்ட ஆளுக்கு அது போதாது. எந்த வருடத்துக் கதை, அப்போது அமெரிக்கா என்ன செய்துகொண்டிருந்தது, அதற்கு இவன் ஆமாம் போட்டானா இல்லையா என்பதும் சேர்ந்தால்தான் கதையே விளங்கும்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். 1941இன் முதல் இதழும் 1960களின் முக்கியக் கதைகளும் ஒரே அட்டைக்குள், படிக்கத் தகுந்த கட்டுரைகளோடு வேறெங்கும் இவ்வளவு வசதியாகக் கிடைக்காது. ஆனால் புத்தகம் 1969இல் நின்றுவிடுகிறது. கேப்டன் அமெரிக்கா தன் அரசாங்கத்தோடு மோதத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். இதை மட்டும் படித்துவிட்டு இந்தப் பாத்திரம் வெறும் தேசபக்திப் பிரச்சாரம் என்று முடிவு கட்டுகிறவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

முதலில் உள்ளடக்கம். இதில் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. உள்ளே இருப்பவை: 1941இன் ‘கேப்டன் அமெரிக்கா காமிக்ஸ்’ முதல் இதழ், 1954இன் 78ஆம் இதழிலிருந்து ஒரு கதை, ‘டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்’ இதழில் வந்தவற்றில் 59, 63 முதல் 68, 75 முதல் 81, 92 முதல் 95 வரை, கடைசியாக 110 முதல் 113 வரை. விற்பனைக் குறிப்புகளில் இந்தக் கடைசி நான்கையும் முந்தைய எண்களோடு ஒட்டியே போட்டிருப்பார்கள். அவையும் ‘டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்’தான் என்று தோன்றும். அல்ல. அந்த இதழ் 99ஓடு முடிந்தது. 1968 ஏப்ரல் தேதியிட்ட 100ஆம் இதழிலிருந்து பெயர் ‘கேப்டன் அமெரிக்கா’ ஆயிற்று, எண் மட்டும் தொடர்ந்தது. தனி இதழாகவோ டிஜிட்டலிலோ தேடும்போது இது தெரியாவிட்டால் இல்லாத இதழைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பக்கக் கணக்கும் முக்கியம். ‘டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்’ இரண்டு நாயகர்கள் பங்கிட்டுக்கொண்ட இதழ். முன்பாதி அயர்ன்மேனுக்கு, பின்பாதி கேப்டனுக்கு. ஒரு இதழுக்கு ஏறத்தாழ 10 பக்கம்தான் இவர் பங்கு. எனவே இந்தப் 18 அத்தியாயங்களும் சேர்ந்தே 180 பக்கம் போலத்தான் வரும். 10 பக்கத்துக்குள் ஆரம்பம், அடிதடி, அடுத்த மாதத்துக்கான கொக்கி எல்லாம் முடிய வேண்டும் என்பதால் கதை மூச்சு வாங்காமல் ஓடும். ஒரே மூச்சில் ஐந்தாறு படித்தால் சலிக்கும். இரண்டிரண்டாகப் படிப்பது நல்லது.

புத்தகத்தின் உயிர் முதல் இதழ்தான். ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் நியூயார்க்கில், பின்னாளில் மார்வெல் ஆன டைம்லி காமிக்ஸுக்காக உருவாக்கியது. இருவரும் யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். கிர்பியின் பிறப்புப் பெயர் ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க். அட்டையில் போட்டிருக்கும் தேதி 1941 மார்ச். கடைக்கு வந்ததோ 1940 டிசம்பரில். அமெரிக்கக் காமிக்ஸ் அட்டையில் உண்மையான வெளியீட்டு நாளைவிட இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போடுவது வழக்கம். கடைக்காரர் பழைய சரக்கென்று சீக்கிரம் திருப்பி அனுப்பிவிடக் கூடாது என்பதற்கான வியாபாரத் தந்திரம் அது. காமிக்ஸையும் நாட்டு நடப்பையும் இணைத்து எழுதுகிறவர்கள் அடிக்கடி சறுக்குவது இந்த இடத்தில்தான். எந்த அட்டைத் தேதியைப் பார்த்தாலும் மனசுக்குள் இரண்டு மூன்று மாதம் கழித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கழித்தல் இங்கே எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். ஹிட்லரின் தாடையில் கேப்டன் குத்துவிடும் அந்த அட்டை, பேர்ல் ஹார்பர் தாக்கப்படுவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே பெட்டிக்கடைகளில் தொங்கியது. அமெரிக்கா அப்போது போரில் இல்லை. ஐரோப்பியச் சண்டை நமக்கெதற்கு என்று சொல்ல ‘அமெரிக்கா ஃபர்ஸ்ட்’ கமிட்டி 1940 செப்டம்பரிலேயே தொடங்கப்பட்டுவிட்டது. அதற்கு முன், 1939 பிப்ரவரியில், ஜெர்மன் அமெரிக்கன் பண்ட் என்ற நாஜி ஆதரவு அமைப்பு நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 20,000 பேரைத் திரட்டிக் கூட்டம் போட்டிருந்தது. ஆக அந்தக் குத்து நாடு ஏற்றுக்கொண்ட கொள்கையை எதிரொலிக்கவில்லை. நாடு இன்னும் எடுக்காத முடிவை இரண்டு இளைஞர்கள் கொடிக்குள் திணித்தார்கள். மிரட்டல் கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் வந்தன. அலுவலகத்துக்குப் போலீஸ் காவல் போட வேண்டியிருந்தது. நகரத் தந்தை லா கார்டியாவே கூப்பிட்டுத் தைரியம் சொன்னதாகச் சைமன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். விற்பனை பத்து லட்சம் பிரதிகளைத் தொட்டது. விலை 10 சென்ட்.

அட்டையைப் பார்த்து ஹிட்லரை அடிக்கும் கதை உள்ளே இருக்கும் என்று தேடாதீர்கள். முதல் இதழில் அப்படி ஒரு கதை கிடையாது. உள்ளே இருப்பவர்கள் வேறு மாதிரி எதிரிகள்: அமெரிக்காவுக்குள்ளேயே ஊடுருவிய உளவாளிகள், நாசவேலைக்காரர்கள். அட்டையையே உற்றுப் பாருங்கள். ஹிட்லரின் அறையில் ஒரு திரை, அதில் அமெரிக்க ஆயுதத் தொழிற்சாலைக்கு வெடிவைக்கும் ஆள்; கீழே அமெரிக்க வரைபடமும் நாசவேலைத் திட்டமும். ஸ்டீவ் ராஜர்ஸ் என்ற நோஞ்சான் இளைஞனுக்கு மருந்து கொடுத்து வீரனாக்கும் பேராசிரியரின் பெயர் இங்கே ரீன்ஸ்டீன். ஐன்ஸ்டீனை நினைவுபடுத்தும் பெயர். எர்ஸ்கின் என்பது பின்னால் வந்தது. அந்தப் பேராசிரியரைச் சுட்டுக் கொல்பவன், சோதனையைப் பார்க்க வந்த அதிகாரிகள் கூட்டத்துக்குள்ளேயே நிற்கிறான். அதே இதழில் அறிமுகமாகும் ரெட் ஸ்கல் என்ற வில்லனின் முகமூடியைக் கழற்றினால் தெரிவது ஜெர்மானியர் அல்ல. ஜார்ஜ் மேக்ஸன் என்ற அமெரிக்க விமானத் தொழிலதிபர். திரைப்படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். எதிரி கடலுக்கு அப்பால் இல்லை, சூட் போட்டுக்கொண்டு நம்மிடையே இருக்கிறான் என்பதுதான் 1941இன் பயம். அந்தப் பயத்துக்கு இரண்டு முகம் உண்டு. நாஜி ஆதரவாளர்களை அடையாளம் காட்டவும் அது பயன்படும், பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்படவும் பயன்படும். குழந்தைகள் 10 சென்ட் அனுப்பினால் அடையாள அட்டையும் பேட்ஜும் தரும் ‘சென்டினல்ஸ் ஆஃப் லிபர்ட்டி’ சங்கம் இந்த இதழிலேயே தொடங்குவது அதனால்தான் கவனிக்க வேண்டியது.

கேடயத்தையும் பாருங்கள். முதல் இதழில் அது முக்கோண வடிவம். எம்.எல்.ஜே. என்ற போட்டி காமிக்ஸ் நிறுவனம் 1940 ஜனவரி தேதியிட்ட இதழிலேயே ‘தி ஷீல்டு’ என்ற கொடிநிற நாயகனை இறக்கியிருந்தது. அவன் மார்புக் கவசமும் அதே வடிவம். அந்த நிறுவனம் ஆட்சேபிக்கவே இரண்டாம் இதழிலிருந்து வட்டமாயிற்று. உலகம் முழுக்கத் தெரிந்த அந்த வட்டக் கேடயம் பிறந்தது ஒரு வியாபாரத் தகராறில். இதில் ஒன்றும் கேவலம் இல்லை. ஆனால் தேச அடையாளம் எதுவும் வானத்திலிருந்து விழுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. கேடயத்தை வீசும் வித்தையும் முதல் இதழில் கிடையாது. அது மூன்றாம் இதழில் ஸ்டான் லீ எழுதிய உரைநடைக் கதையில்தான் தொடங்குகிறது. எனவே சினிமா பார்த்துவிட்டு வருகிறவர்கள் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும்.

முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியோடு வளர்ந்த தமிழ் வாசகருக்கு ஒரு வார்த்தை. மாயாவியும் உளவுத்துறைக்கு வேலை பார்த்தவர்தான். ஆனால் அவர் பிரிட்டிஷ்காரர் என்பது கதைக்கு அவசியமே இல்லை. சிவகாசியிலிருந்து தமிழில் வந்தபோது அவர் நம்மூர் ஆளாகவே ஆகிவிட்டார். கேப்டன் அமெரிக்காவை அப்படிப் பெயர்த்து நட முடியாது. அமெரிக்காவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நல்ல உடல்வாகு மட்டும்தான்.

சைமனும் கிர்பியும் பத்து இதழோடு விலகிவிட்டார்கள். தொகுப்பு இங்கிருந்து 1954க்குத் தாவுகிறது. இடையிலுள்ள போர்க்கால இதழ்கள் எதுவும் இல்லை. கலைத் தரத்தை வைத்துப் பார்த்தால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் பேர்ல் ஹார்பருக்குப் பிறகு வந்த அட்டைகளில் ஜப்பானியர்கள் கோரைப்பல்லும் மஞ்சள் தோலுமாக மிருகங்களைப் போல வரையப்பட்டார்கள். தேசிய நாயகனைப் பற்றி ‘கிளாசிக்’ தொகுப்பு போடுகிறவர்கள் அதில் ஒன்றையாவது, உரிய குறிப்போடு, வைத்திருக்க வேண்டும். ஹிட்லரைக் குத்தும் அட்டையை மட்டும் காட்டிவிட்டு அதை விட்டுவிடுவது நல்ல புகைப்படத்தை மட்டும் ஆல்பத்தில் ஒட்டுகிற வேலை.

இந்தக் குறையைப் பாதி சரிசெய்வது 1954இன் கதை. போருக்குப் பின் சூப்பர் ஹீரோக்களின் விற்பனை சரிந்து நின்றுபோன இதழை, 1953 கடைசியில் ‘யங் மென்’ இதழ் வழியாக மறுபடி உயிர்ப்பித்தார்கள். பிறகு 76, 77, 78 என்று மூன்றே இதழ். அட்டையில் ‘கம்யூனிஸ்டுகளை நொறுக்குபவர்’ என்று பட்டம் வேறு. வரைந்தவர் ஜான் ரொமிட்டா. பின்னாளில் ஸ்பைடர்மேனால் புகழ் பெற்றவர். கதை, அமெரிக்கா கம்யூனிஸ்ட் வேட்டையில் இறங்கியிருந்த மெக்கார்த்தி காலத்துக் கதை. எதிரி யார் என்பதில் சந்தேகமே கிடையாது, யோசனையும் கிடையாது, குத்து மட்டும் உண்டு. மூன்று இதழில் முடங்கியது என்பதே வாசகர்கள் சொன்ன பதில். ஓர் அழகான தொகுப்பில் இந்த அழகற்ற கதையைச் சேர்த்ததற்குப் பதிப்பாசிரியர் பென் சாண்டர்ஸைப் பாராட்ட வேண்டும். 1941இன் குத்தையும் 1954இன் குத்தையும் அடுத்தடுத்துப் படிக்கும்போதுதான் ஒரே கொடி, ஒரே கை, ஆனால் வேறு வேலை என்பது உறைக்கிறது.

அடுத்துதான் பெரிய ஓட்டை. 1964 மார்ச் தேதியிட்ட ‘அவெஞ்சர்ஸ்’ நான்காம் இதழ் இந்தப் பட்டியலில் இல்லை. பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்த கேப்டனை அவெஞ்சர்ஸ் என்ற நாயகர் குழு கண்டெடுக்கும் கதை அது. 1945இல் தூங்கிப்போனவன் 1964இல் விழிக்கிறான், தோழன் பக்கி செத்துவிட்டான், தான் சண்டைபோட்ட நாடே மாறிவிட்டது. அடுத்து வந்த அத்தனை கதைகளுக்கும் அடித்தளம் அந்த ஓர் இதழ். அது இல்லாமல் ‘டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்’ 59ஐத் திறக்கிறவர், இந்த ஆள் ஏன் இவ்வளவு சோகமாக இருக்கிறார் என்று கேட்பார். வேறு இதழ், வேறு குழு என்பதால் விட்டிருக்கலாம். எதனால் விட்டிருந்தாலும், இந்தப் புத்தகத்தைத் தொடுமுன் அந்த ஓர் இதழை டிஜிட்டலில் படித்துவிடுங்கள். 1941, 1954, பிறகு அவெஞ்சர்ஸ் 4, பிறகு மீதி. வரிசை இதுதான்.

1960களின் கதைகளை எழுதியவர் ஸ்டான் லீ, ஓவியம் பெரும்பாலும் கிர்பி. 75 முதல் 77 வரை மட்டும் கை மாறுவது கண்ணுக்குத் தெரியும். 78இல் கிர்பி திரும்பி வந்ததும் கட்டங்களே அகலமானது போல இருக்கும். 63 முதல் 68 வரை போர்க்காலத்துக்குத் திரும்பிப் போகும் கதைகள். 66இல்தான் ரெட் ஸ்கல்லுக்கு இன்றைய வரலாறு கிடைக்கிறது. ஹோட்டல் எடுபிடிப் பையனாக இருந்தவனை ஹிட்லரே தேர்ந்தெடுத்து வளர்த்தான் என்று. எதிரி இப்போது உள்ளூர்த் தொழிலதிபர் அல்ல, அசல் ஜெர்மானியன். இருபது வருடத்தில் தீமை கடல் கடந்து தூரமாய்ப் போய்விட்டது, வசதியான மாற்றம்தான். அந்தத் தொடரிலேயே கேப்டனை மூளைச்சலவை செய்து நேச நாட்டுத் தளபதி ஒருவரைக் கொல்ல அனுப்புகிறார்கள். 2016இல் நிக் ஸ்பென்சர் எழுதிய கதையில் ஸ்டீவ் ராஜர்ஸ், நாஜித் தொடர்புள்ள ஹைட்ரா என்ற வில்லன் கும்பலின் ஆள் என்று காட்டியபோது எழுந்த கொந்தளிப்பு நினைவிருந்தால், 1965இலேயே அதன் விதை இருந்தது என்பது இதைப் படிக்கையில் தெரியும். 1965இல் அதைச் சாகசமாக ரசித்தார்கள். 2016இல் படைப்பாளிகளின் யூதப் பின்னணியைச் சுட்டிக்காட்டிக் கோபப்பட்டார்கள்.

79 முதல் 81 வரையிலான காஸ்மிக் கியூப் கதை தொகுப்பின் உச்சம். நினைத்ததையெல்லாம் நடத்தும் கனசதுரம் ரெட் ஸ்கல் கையில். பலத்தால் ஜெயிக்க வழியே இல்லாத இடத்தில் கேப்டன் மண்டியிட்டு, உனக்கு அடிமையாக இருக்கிறேன் என்று நடிக்கிறார். தேசச் சின்னம் சர்வாதிகாரி முன் மண்டியிடும் கட்டம். அதுவே அவன் ஏமாறும் கட்டமும். இந்த மூன்று அத்தியாயத்தை மட்டும் இடைவெளி விடாமல் படியுங்கள். 92 முதல் 95 வரையில் ஏஜென்ட் 13 என்ற ஷேரன் கார்ட்டரும் மோடாக் என்ற ராட்சதத் தலையும் வருகிறார்கள். 95இல் கேப்டன், போதும், எனக்கும் ஒரு வாழ்க்கை வேண்டும் என்று வேலையை விடுகிறார். ஆனால் இங்கே அவரை விரட்டுவது காதலும் களைப்பும். நாட்டின்மேல் எந்தக் கேள்வியும் இல்லை. இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கடைசி நான்கில் 110, 111, 113 ஜிம் ஸ்டெராங்கோவின் ஓவியம். 1969இன் விளம்பர ஓவியம், சர்ரியலிசம், சினிமா வெளிச்சம் எல்லாம் ஒரு காமிக்ஸ் பக்கத்துக்குள் புகுந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இன்றும் இதைத்தான் காட்டுவார்கள். நடுவே 112 மட்டும் கிர்பி கை. கெடு தாண்டிப்போனதால் அவசரமாக வரையப்பட்ட, பழைய கதைகளை நினைவுகூரும் இதழ். வித்தியாசம் குத்தும். அச்சு சம்பந்தமாக ஒன்று: ஸ்டெராங்கோ 113இல் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படமாக வரைந்திருக்கிறார். தடித்த பேப்பர்பேக் எதிலும் இப்படிப்பட்ட படத்தின் நடுப்பகுதியை மடிப்பு விழுங்கிவிடும். புத்தகத்தை அழுத்தி விரித்தால் முதுகு வெடிக்கும். அந்தப் பக்கங்களுக்காக மட்டும் திரையில் ஒருமுறை பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இனி விடுபட்டவை. 59ம் 63ம் இருக்கின்றன, இடையில் 61 இல்லை. 1965 ஜனவரி தேதியிட்ட அந்த இதழில் கேப்டன் வியட்நாம் போகிறார், பிடிபட்ட அமெரிக்க விமானி ஒருவரை மீட்க. அங்கே அவரோடு மோதுவது ஒரு சுமோ மல்லன். சுமோ ஜப்பானிய விளையாட்டு என்பது எழுதியவருக்கு உறுத்தவே இல்லை! சுமாரான கதைதான். ஆனால் அமெரிக்கா வியட்நாமை எவ்வளவு அலட்சியமாகப் பார்த்தது என்பதற்கு அந்த ஒரு மல்லனே போதும். 1960களின் கேப்டன் கதைகள் பெரும்பாலும் பழைய நாஜிகளையே சுற்றிச்சுற்றி வந்ததற்கும் காரணம் இதுதான்: நடந்துகொண்டிருந்த போர் நாட்டை இரண்டாக்கியது, முடிந்துபோன போர் எல்லோரையும் ஒன்றாக்கியது. இந்த 10 பக்கத்தைச் சேர்த்திருந்தால் தொகுப்பின் கனமே கூடியிருக்கும். அதுபோல ஃபால்கன் என்ற சாம் வில்சன் அறிமுகமாவது 117ஆம் இதழில், 1969 செப்டம்பர். தொகுப்பு முடியும் இடத்திலிருந்து நாலே இதழ் தள்ளி. நியூயார்க்கின் ஹார்லெமைச் சேர்ந்த கறுப்பின நாயகன், பிறகு அட்டையிலேயே பெயரைப் பங்கிட்டுக்கொண்டவர், 2014இல் கேப்டன் அமெரிக்காவாகவே ஆனவர். நாலு இதழ் முன்னால் கதவைச் சாத்திவிட்டார்கள்.

இதைப் படித்து முடித்தவர் அடுத்து வாங்க வேண்டியது ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் எழுதி சால் பசீமா வரைந்த 1970களின் இதழ்கள். இதழ் எண்ணைப் பார்த்து வாங்குங்கள், தலைப்பைப் பார்த்து அல்ல. காரணம் சொல்கிறேன்.

முதலில் 153 முதல் 156 வரை, 1972. மார்வெல் பழைய இதழ்களைத் தொகுத்து வெளியிடும் எபிக் கலெக்‌ஷன் வரிசையின் நான்காம் தொகுதியில் இருக்கின்றன. 1945இல் கேப்டன் உறைந்துபோனார் என்றால் 1954இல் கம்யூனிஸ்டுகளை நொறுக்கியது யார்? 1964இல் யாரும் கண்டுகொள்ளாமல் விட்ட ஓட்டை இது. எங்கிள்ஹார்ட் அதை அடைத்த விதம் அபாரம். அது வேறொரு ஆள். கேப்டன்மேல் வெறித்தனமான பக்தி கொண்டு, முகத்தை மாற்றிக்கொண்டு, பெயரையும் எடுத்துக்கொண்டவன். மருந்தை மட்டும் ஏற்றிக்கொண்டு அதை நிலைப்படுத்தும் கதிர்வீச்சை விட்டுவிட்டதால் மூளை பிசகி, கண்ணில் படுகிறவர்களையெல்லாம் கம்யூனிஸ்டாகப் பார்த்தான். அரசாங்கமே அவனை உறையவைத்துப் பூட்டியது. இப்போது அவன் எழுந்து வந்து அசல் கேப்டனோடு மோதுகிறான். பெங்குயின் தொகுப்பின் 1954 கதையைப் படித்த கையோடு இதைப் படித்தால், ஒரு நாடு தன் பழைய முகத்தோடு கைகலப்பதைப் பார்க்கலாம். தனித்தனியாகப் படித்தால் பாதி சுவைதான்.

அடுத்து 169 முதல் 176 வரை. ஐந்தாம் தொகுதி. 1974 ஜனவரி முதல் ஆகஸ்டு வரை அட்டைத் தேதி. தொலைக்காட்சி விளம்பரங்கள் மூலம் கேப்டனைத் தேசவிரோதியாகச் சித்திரிக்கும் ஒரு கமிட்டி, அதன் பின்னால் ‘சீக்ரெட் எம்பயர்’ என்ற ரகசியக் கும்பல். 175ஆம் இதழின் முடிவில் கும்பலின் தலைவனைத் துரத்திக்கொண்டு கேப்டன் வெள்ளை மாளிகைக்குள் நுழைகிறார். முகமூடி கழன்றதும் தலைவன் யார் என்று வாசகருக்குக் காட்டப்படுவதில்லை; கேப்டனின் முகம் வெளிறுவது மட்டும் தெரிகிறது. அந்த ஆள் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறான். அன்றைய அதிபர் நிக்ஸனைத்தான் நினைத்து எழுதினேன் என்று எழுத்தாளரே பிறகு சொல்லியிருக்கிறார். நிக்ஸன் பதவி விலகியது 1974 ஆகஸ்டு 9. அட்டைத் தேதி ஜூலை. முன்னே சொன்ன கழித்தலைப் போட்டால், இதழ் கடைக்கு வந்தது ஏப்ரல் வாக்கில். நடந்து முடிந்ததை வரைந்த கதை அல்ல இது.

176இல் கேப்டன் உடையைக் கழற்றுகிறார். பெங்குயின் தொகுப்பின் 95ஆம் இதழில் கழற்றியதோடு ஒப்பிடுங்கள். இம்முறை காரணம் காதலல்ல. நான் யாருக்கு வேலை பார்க்கிறேன், கொடிக்கா, கொடியைப் பிடித்திருப்பவர்களுக்கா என்ற கேள்வி. 180இல் நோமேட் என்ற நாடற்றவன் வேடத்தில் வருகிறார். போட்டிருக்கும் நீள அங்கி தடுக்கி விழுகிறார். தேசியக் குழப்பத்தை இவ்வளவு லேசாகச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

தலைப்பைப் பார்த்து வாங்காதீர்கள் என்றதற்குக் காரணம்: ‘சீக்ரெட் எம்பயர்’ என்ற பெயரிலேயே 2017இல் நிக் ஸ்பென்சரின் வேறொரு நீண்ட தொடர் வந்தது. கேப்டன் ஹைட்ரா சர்வாதிகாரியாக அமெரிக்காவை ஆளும் கதை. இணையத்தில் தேடினால் அதுவே முதலில் வந்து நிற்கும். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. எழுத்தாளர் பெயர் எங்கிள்ஹார்டா என்று பார்த்துவிட்டு விலையைப் பாருங்கள்.

இதே பெயர்க் குழப்பம் ‘ட்ரூத்’ என்ற புத்தகத்துக்கும் உண்டு. ராபர்ட் மொராலெஸ் எழுத, கைல் பேக்கர் வரைந்த ஏழு இதழ்க் கதை, 2003. வீர மருந்தை முதலில் கறுப்பின ராணுவ வீரர்கள்மேல் சோதித்துப் பார்த்தார்கள், பிழைத்த ஒருவர் ஐசையா பிராட்லி என்று விரிகிறது. 1932 முதல் 1972 வரை அலபாமாவின் டஸ்கீகியில் கறுப்பின ஆண்களுக்கு நோயிருப்பதை மறைத்து, சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்த சிபிலிஸ் ஆய்வின் நிழலில் எழுதப்பட்டது. பழைய பதிப்பின் தலைப்பு ‘ட்ரூத்: ரெட், ஒயிட் அண்ட் பிளாக்’, 2022 மறுபதிப்பில் ‘கேப்டன் அமெரிக்கா: ட்ரூத்’. இரண்டும் ஒரே புத்தகம், இரண்டையும் வாங்கிவிடாதீர்கள். பேக்கரின் கேலிச்சித்திரப் பாணி முதல் பத்துப் பக்கத்தில் இடறும். மூன்றாம் அத்தியாயம் வரை பொறுத்துப் பாருங்கள்.

மறுபடி பெங்குயினுக்கு. முன்னுரை காமிக்ஸ் எழுத்தாளர் ஜீன் லுவென் யாங். அறிமுகமும் குறிப்புகளும் சாண்டர்ஸ். அறிமுகத்தைக் கதைகளுக்கு முன் படிக்காமல், 1954 கதையை முடித்த பிறகு படிப்பது நல்லது. முதலிலேயே படித்தால் மேக்ஸன் போன்ற திருப்பங்கள் புஸ்ஸென்று போய்விடும். கெட்டி அட்டைப் பதிப்பில் தங்க நிற எழுத்து, மேல் விளிம்பில் தங்கப் பூச்சு, அட்டையின் உட்பக்கத்தில் வில்லன்களின் படங்கள். உள்ளே கதைகள் இரண்டிலும் ஒன்றுதான். படிக்க வாங்குகிறவர்களுக்குப் பேப்பர்பேக் போதும். மிச்சமாகும் பணத்தில் எங்கிள்ஹார்ட் தொகுதி ஒன்றுக்குப் பாதி வந்துவிடும். நூலகத்துக்கோ பரிசாகவோ என்றால் கெட்டி அட்டை.

கறுப்பு வெள்ளை மின்நூல் கருவியில் இதைப் படிக்க நினைக்காதீர்கள். சிவப்பும் வெள்ளையும் நீலமும் இல்லாத கேப்டன் அமெரிக்காவைப் பார்ப்பதில் அர்த்தமில்லை. எழுத்தும் பலூனுக்குள் பொடிப்பொடியாக வரும். டேப்லட் இருந்தால் மார்வெலின் டிஜிட்டல் நூலகமான மார்வெல் அன்லிமிடெட் சந்தா எடுத்து, மேலே சொன்ன 1960, 70களின் இதழ்களை எண்களைக் குறித்துக்கொண்டு ஒன்றொன்றாகப் படிக்கலாம். காசு கணக்கில் அதுவே மலிவு. ஆனால் சாண்டர்ஸின் கட்டுரைகள் அங்கே கிடையாது. 1941இன் கதைகளுக்கு அந்தக் கட்டுரைகள் இல்லாமல் முடியாது. 1970களின் கதைகளுக்கு அவை இல்லாமலே ஓடும். எனவே முதல் பாதியைப் புத்தகமாக, இரண்டாம் பாதியைச் சந்தாவில் என்று பிரித்துக்கொண்டால் சரியாக வரும்.